அத்தியாயம் 7: கூட்ஸ் வண்டியும் கையால் செய்யும் சுமையும்

தண்டவாளம் போட்டாயிற்று. பாயிண்ட் ஒழுங்காக மாறுகிறது. பாசஞ்சர் வண்டி தடம் புரளாமல் நாலு சுற்று வருகிறது. இந்தக் கட்டத்தில் பெரும்பாலானோர் இன்னொரு எஞ்சின் வாங்கக் கிளம்பிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பணத்தைச் சக்கரம், போகி, கப்ளிங் என்று பிரித்துச் செலவழித்தால் ஒரு முழு கூட்ஸ் வண்டியே உங்கள் மேசையில் நிற்கும். பாசஞ்சர் வண்டி எந்த ஊர் மேசையில் ஓடினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். கூட்ஸ் வண்டி அப்படி இல்லை. அது எதை ஏற்றிக்கொண்டு போகிறது என்று பார்த்தாலே இது எந்த ஊர், எந்த வருடம், வண்டி எந்தத் திசையில் போகிறது என்று சொல்லிவிடலாம்.

இந்த அத்தியாயம் முழுவதும் எண்ணூர்ப் பாதையை வைத்தே எழுதியிருக்கிறேன். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிறது நெட்டுக்குப்பம். கரையில் நின்றால் ஒரு பக்கம் கடல், எதிரே ஆற்றைத் தாண்டிக் காட்டுப்பள்ளி, அந்தப் பக்கம் வடசென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். பின்னால் கத்திவாக்கம், எண்ணூர் ஸ்டேஷன்கள். தெற்கே திருவொற்றியூர், தண்டையார்பேட்டை யார்டு, கொருக்குப்பேட்டை, ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் புறப்பட்டது அந்த ராயபுரத்திலிருந்துதான். நிலக்கரி, கன்டெய்னர், பெட்ரோல், உரம், இரும்பு எல்லாம் சில கிலோமீட்டருக்குள் கைமாறும் இந்தப் பாதையைவிட நல்ல பாடப்புத்தகம் கூட்ஸ் வண்டிக்குக் கிடையாது.

முதலில் வருடத்தை முடிவு செய்யுங்கள்

வேகன் வாங்குவதற்கு முன்னால் உங்கள் லேஅவுட் எந்த வருடத்தில் நடக்கிறது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வடசென்னையில் இது மிக முக்கியம். 2011 அக்டோபருக்கு முன்னால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளப்பட்டன. பெல்லாரி, ஹோஸ்பேட் பக்கத்துத் தாது ரயிலில் வந்து ராயபுரம் பக்கமாகத் துறைமுகத்துக்குள் போனது. கரித்தூசி வீடுகளுக்குள் படிகிறது என்று மக்கள் பல வருடம் போராடினார்கள். வழக்கு நடந்தது. உயர் நீதிமன்ற உத்தரவால் அந்த இரண்டு சரக்கும் அங்கே நின்றுபோயின. ஆகவே உங்கள் ராயபுரம் 2015-ல் இருந்தால் அங்கே நிலக்கரி வேகன் துறைமுகத்துக்குள் போகக் கூடாது. 2005-ல் இருந்தால் போகத்தான் வேண்டும்.

எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் செயல்பாட்டுக்கு வந்தது. 2014-ல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாறியது. 1970-ல் மின்சாரம் தரத் தொடங்கிய பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. இந்த நாலு வருடங்களையும் நினைவில் வைத்துக்கொண்டாலே போதும், பின்னணியில் எது புகை விட வேண்டும், எது விடக் கூடாது என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

பாக்ஸ்-என்: ஒரு வேகனை நன்றாகச் செய்யுங்கள்

நம் பாதையில் அதிகம் கண்ணில் படும் திறந்த வேகன் பாக்ஸ்-என். மேலே மூடி இல்லாத, உயரமான பக்கச் சுவருள்ள இரும்புப் பெட்டி, கீழே இரண்டு போகி, எட்டு சக்கரம். கப்ளிங்கையும் சேர்த்து நீளம் சுமார் 10.7 மீட்டர். வெறும் வண்டி 22 டன்னுக்குக் கொஞ்சம் மேல், சுமை 58 டன் அளவில். ஹெச்.ஓ. அளவில், அதாவது 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினால், நமக்கு வேண்டிய கணக்கு இது: கப்ளிங் முனையிலிருந்து முனை வரை 123 மில்லிமீட்டர், பெட்டியின் உள்நீளம் 112, உள்ளகலம் 34, உள்ளுயரம் 22, சக்கர விட்டம் 11.5. கடையில் கிடைக்கும் 11 மில்லி சக்கரமே போதும். போகியில் இரண்டு அச்சுக்கும் நடுவே 23 மில்லி இருக்க வேண்டும். அதற்கு நெருங்கியதைத் தேடி வாங்குங்கள்.

ஒரு உண்மையை இங்கேயே ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பிராட்கேஜ் 1676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19 மில்லிக்கு மேல் வரும். நாம் வாங்கும் ஹெச்.ஓ. தண்டவாளமோ 16.5 மில்லி. அந்தத் தண்டவாளத்தின் மேல் இந்திய வேகனை வைத்தால் பெட்டி கொஞ்சம் அகலமாகத் தெரியும். சிலர் தண்டவாளத்தையே கையால் செய்கிறார்கள். அந்த உழைப்புக்கு என் மரியாதை உண்டு. ஆனால் முதல் லேஅவுட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கண் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

பெட்டியை 1 மில்லி சன்போர்டில் வெட்டி ஒட்டலாம். பக்கச் சுவரின் வெளிப்புறத்தில் நெடுக வரும் முட்டுகளுக்கு அதே போர்டின் மெல்லிய கீற்றுகள். ஐரோப்பிய வேகனை வாங்கி நம் நிறத்தைப் பூசி ஏமாற்றுவது எனக்குப் பிடிக்காது. அதன் தோள் நம் வேகனின் தோள் இல்லை. வெளியே பூச ரெட் ஆக்சைடு நிறத்தில் அக்ரிலிக் பெயிண்ட். நேராக டப்பாவிலிருந்து எடுத்துப் பூசினால் பொம்மை மாதிரி இருக்கும். ஒரு சொட்டுக் கறுப்பு, ஒரு சொட்டு வெள்ளை கலந்து மங்க வையுங்கள். கடற்காற்று அடிக்கும் பாதையில் ஓடும் இரும்பு எப்போதும் மங்கித்தான் இருக்கும்.

வேகன் எண்ணை மனம்போன போக்கில் எழுதாதீர்கள். இந்திய வேகனுக்கு 11 இலக்கம். முதல் இரண்டு வேகனின் வகை. அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது, தெற்கு ரயில்வேக்கு 06. அடுத்த இரண்டு கட்டிய வருடம். பிறகு நாலு இலக்கம் அந்த வேகனின் சொந்த எண். கடைசி ஒன்று எண் சரியா என்று பார்க்கும் சோதனை இலக்கம். வேகன்கள் நாடு முழுவதும் சுற்றுவதால் உங்கள் வண்டியில் எல்லாமே 06 என்று இருந்தால் அதுதான் பொருத்தமில்லாமல் தெரியும். நாலைந்து ரயில்வேக்களின் எண்களைக் கலந்து எழுதுங்கள். வெள்ளை ஜெல் பேனா போதும். உங்கள் லேஅவுட்டின் வருடத்துக்குப் பிறகு கட்டிய வேகன் அதில் நுழையாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடை: வலைக்கடை ஈயம்

கையால் செய்த வேகன் தடம் புரள்வதற்கு முதல் காரணம் எடை போதாமைதான். அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. ஹெச்.ஓ. வேகனுக்கு ஒரு அளவு வைத்திருக்கிறது: அடிப்படையாக ஒரு அவுன்ஸ், பிறகு வேகனின் ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். நம் 123 மில்லி வேகனுக்கு அது 97 கிராம் வருகிறது. சன்போர்டுப் பெட்டி, போகி, சக்கரம் எல்லாம் சேர்ந்து 35 முதல் 40 கிராம்தான் இருக்கும். மிச்சம் சுமார் 60 கிராமுக்கு எங்கே போவது?

நெட்டுக்குப்பத்தில் அதற்கு அலைய வேண்டியதில்லை. வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயக் குண்டுகள் கிழிந்த வலையோடு கழித்துப் போடப்படும். காசிமேட்டில் வலைச் சாமான் விற்கும் கடைகளில் புதிதாகவும் எடைக்குக் கிடைக்கும். 60 கிராம் ஈயத்தைச் சுத்தியலால் தட்டினால் 110-க்கு 30 மில்லி அளவில், ஒன்றரை மில்லிக்குச் சற்றுக் கூடுதலான தடிமனில் ஒரு தகடு வரும். வேகனின் தரை அளவுக்கு அது கச்சிதமாக உட்காரும். தகட்டைத் தரையில் ஒட்டி, மேலே மெல்லிய அட்டையை ஒட்டி, துரு நிறம் பூசிவிடுங்கள். தரை 2 மில்லி உயர்ந்தது யார் கண்ணுக்கும் தெரியாது.

ஈயம் நஞ்சு. வெளியில் உட்கார்ந்து தட்டுங்கள், உருக்காதீர்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். தட்டிய ஈயம் அட்டைக்கும் பெயிண்டுக்கும் அடியில் முழுவதும் மறைந்திருக்க வேண்டும்.

எடைக்கு இரும்பு நட்டுகளைப் போடலாமே என்று கேட்பீர்கள். வேண்டாம். ஈயத்தைக் காந்தம் இழுக்காது. அந்தக் குணம் நமக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

சுமையை ஒட்டாதீர்கள்

நிலக்கரி ரயில் ஒரு பக்கம் நிறைந்து போகும், மறுபக்கம் காலியாகத் திரும்பும். கப்பலில் எண்ணூருக்கு வந்து இறங்கும் கரியில் வடசென்னை அனல் மின் நிலையத்துக்கு வேண்டியது கன்வேயர் பெல்ட்டிலேயே போய்விடுகிறது. ரயிலில் ஏறுவது தூரத்துக்குப் போகும் கரி. மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு அப்படித்தான் அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை, சேலம் என்று வண்டி போகிறது. அங்கே வேகனை அப்படியே கவிழ்த்துக் கொட்டும் டிப்ளர் இருக்கும். காலி ரேக், அதாவது வேகன்களின் முழுத் தொடர், திரும்பி எண்ணூருக்கு வரும். எந்த நேரமும் நிறைந்த வேகனே இரண்டு திசையிலும் ஓடினால் அது கூட்ஸ் வண்டி இல்லை, கண்காட்சி.

என் முதல் ஆறு வேகனுக்கும் கரியை நேராக உள்ளே கொட்டி ஃபெவிகால் ஊற்றி இறுக்கிவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஆனால் அவற்றைத் துறைமுகத்துக்குள் அனுப்பும்போதெல்லாம் மனது உறுத்தியது. நிறைந்த வண்டி துறைமுகத்துக்குள் ஏன் போகிறது? ஆறையும் உடைத்து மறுபடி செய்தேன். அந்த உழைப்பு உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சுமை தனி, வேகன் தனி. சுமை, கையில் எடுத்து வைக்கும் ஒரு கட்டி. அதைச் செய்யும் விதம் இது.

25 மில்லி தெர்மாகோலில் 111-க்கு 33 மில்லி அளவில் ஒரு துண்டு வெட்டுங்கள். பெட்டியின் உள்ளளவைவிட ஒரு மில்லி குறைவாக இருந்தால்தான் எடுக்கவும் வைக்கவும் வரும். இந்தத் துண்டின் ஓரங்களை 16 மில்லி உயரத்துக்குச் சரித்துச் சீவுங்கள். நடுவில் மட்டும் மேடு இருக்கட்டும். பே-லோடர் கொண்டு ஏற்றிய வேகனில் கரி ஒரே சமமாக இருக்காது. பக்கெட் கவிழ்ந்த இடத்திலெல்லாம் ஒரு குவியல், வேகனுக்கு இரண்டோ மூன்றோ. குவியலின் உச்சி பக்கச் சுவருக்கு மேல் 3 மில்லிக்கு அதிகமாக எழும்பாதபடி அதையும் சீவுங்கள். ஏற்றிய வண்டியை எடை மேடையில் ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அளவுக்கு மேல் இருந்தால் இறக்க வேண்டியிருக்கும். ஆகவே மலை மாதிரிக் குவிந்த வேகன் நம்பும்படியாக இருக்காது.

சீவிய துண்டை உப்புத்தாளால் தேய்த்து, தண்ணீரில் கரையும் கறுப்புப் பெயிண்டை இரண்டு தடவை பூசுங்கள். ஸ்ப்ரே பெயிண்டும் ரப்பர் பசையும் தெர்மாகோலுக்கு ஆகாது. அவை பட்ட இடம் கரைந்து குழியாகிவிடும். தண்ணீர் கலந்த அக்ரிலிக், போஸ்டர் கலர், ஃபெவிகால் மூன்றும் பயமில்லாதவை.

காய்ந்ததும் நடுவில் ஒரு சின்னக் குழி தோண்டி ஓர் இரும்பு வாஷரைப் புதைத்து மூடுங்கள். ஐஸ்குச்சியின் முனையில் பழைய இயர்போனிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒட்டிக்கொண்டால் அதுதான் உங்கள் கிரேன். குச்சியைக் கரியின் மேல் வைத்துத் தூக்கினால் சுமை மட்டும் மேலே வரும். அடியில் இருப்பது ஈயம் என்பதால் வேகன் அசையாமல் நிற்கும். இரும்பு நட்டு போட்டிருந்தால் அதையும் சேர்த்துக் காந்தம் இழுத்துப் பார்க்கும்.

இனிக் கரி. கொல்லுப்பட்டறையில் கேட்டால் ஒரு கைப்பிடி நிலக்கரி கிடைக்கும். அது கிடைக்காவிட்டால் அடுப்புக்கரியையும் பயன்படுத்தலாம், ஆனால் அதில் அந்த மினுக்கம் இராது. துணியில் முடிந்து சுத்தியலால் தட்டுங்கள். மாவுச் சல்லடையில் ஒரு முறை, டீ வடிகட்டியில் ஒரு முறை சலித்தால் மூன்று ரகமாகப் பிரியும். 2, 3 மில்லிக்கு மேல் பெரிய துண்டு வேண்டாம். அதுவே நிஜத்தில் கால் மீட்டர் கட்டி.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. ஒடிசாவின் தால்சேர் பக்கத்திலிருந்து பாராதீப் வழியாகக் கப்பலில் வரும் நம் கரியில் சாம்பல் அதிகம். அது கரிக்கட்டை மாதிரி கருகருவென்று இருக்காது, சாம்பல் பூத்த கறுப்பு. பொடியோடு கால் பங்கு சலித்த அடுப்புச் சாம்பலைக் கலந்தால் நிறம் சரியாக வரும். இறக்குமதிக் கரி என்று வைத்துக்கொண்டால் சாம்பல் வேண்டாம்.

கட்டியின் மேல் ஃபெவிகாலைத் தடவி முதலில் பொடியைத் தூவுங்கள். பிறகு பெரிய துண்டுகளைக் குவியலின் அடிவாரத்தில் மட்டும் வையுங்கள். கொட்டும்போது கனமான கட்டிகள் உருண்டு கீழே போய்விடும், பொடி உச்சியில் தங்கும். அரிசிக் கடையில் கொட்டி வைத்த குவியலை உற்றுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கடைசியாக ஒரு பங்கு ஃபெவிகாலை மூன்று பங்கு தண்ணீரில் கரைத்து, இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் மெதுவாகச் சொட்டுங்கள். ஷாம்பு இல்லாவிட்டால் தண்ணீர் முத்து முத்தாகத் தூசியின் மேல் உருண்டு ஓடிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் காய இரண்டு நாள் ஆகும். அவசரப்பட்டு வெயிலில் வைக்காதீர்கள்.

பன்னிரண்டு வேகனுக்குப் பன்னிரண்டு கட்டி. குவியல்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்கக் கூடாது. ஆனால் கரியின் நிறம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு ரேக் ஒரே இடத்தில், ஒரே கரிக்குவியலிலிருந்து நிரப்பப்படுகிறது. எல்லாவற்றுக்கும் வேண்டிய பொடியை முதல் நாளே மொத்தமாகக் கலந்து ஒரு டப்பாவில் எடுத்து வையுங்கள்.

கட்டியை எடுத்த பிறகு உள்ளே தெரியும் காலி வேகனையும் கவனியுங்கள். கவிழ்த்துக் கொட்டினாலும் மூலைகளில் கொஞ்சம் கரி ஒட்டியிருக்கும். நாலு மூலையிலும் ஒரு சிட்டிகைப் பொடி, சுவரின் உட்புறம் துரு. இதைச் செய்யாதவர்கள் அதிகம்.

இரும்புத் தாது: பாதிகூட நிறையாத வேகன்

உங்கள் வருடம் 2011-க்கு முந்தியது என்றால் தாது ரேக் ஒன்று செய்தே ஆக வேண்டும். இதில் பலரும் தவறுகிறார்கள். தாது நிலக்கரியைவிட மிகக் கனம். 58 டன் நிலக்கரி ஏற்றினால் வேகன் விளிம்பு வரை வரும். அதே 58 டன் தாது, பெட்டியில் பாதிகூட வராது. ஹெச்.ஓ. அளவில் தரையிலிருந்து 9 மில்லிதான். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வேகன் காலி என்றே தோன்றும். மேலே குனிந்து பார்த்தால்தான் அந்தச் செங்கல் நிறப் படுகை தெரியும். சலித்த செங்கல்பொடியில் கொஞ்சம் கறுப்பு கலந்தால் நிறம் கிடைத்துவிடும். செய்முறை மேலே சொன்னதுதான், கட்டியின் உயரம் மட்டும் குறைவு.

கன்டெய்னர்

கன்டெய்னர் ஏற்றும் பி.எல்.சி. வேகனின் தளம் மிகத் தாழ்வு, தண்டவாளத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்தான். ஐந்து வேகன் சேர்ந்து ஒரு செட். அந்த ஐந்தும் நடுவில் நிரந்தரமாகக் கோக்கப்பட்டிருக்கும், செட்டின் இரண்டு கோடியில் மட்டும் சாதாரணக் கப்ளிங். மாடலில் இது ஒரு வசதி: நடு இணைப்புகளுக்குக் கம்பியை வளைத்து மாட்டினால் போதும், நாலு ஜோடிக் கப்ளிங் மிச்சம்.

20 அடிக் கன்டெய்னர் ஹெச்.ஓ.வில் 70 மில்லி நீளம், 28 அகலம், 30 உயரம். 40 அடி என்றால் நீளம் 140. ஒரு வேகனில் இரண்டு இருபதடி அல்லது ஒரு நாற்பதடி. கன்டெய்னரின் அழகே அதன் நெளிவில்தான் இருக்கிறது. அந்த நெளிவுத் தகட்டை விலை கொடுத்து வாங்க வேண்டாம். செல்போன், சார்ஜர் மாதிரிச் சின்னச் சாமான் வரும் மெல்லிய அட்டைப் பெட்டிகளைப் பாருங்கள். இரண்டு தாளுக்கும் நடுவே நெளிந்த தாள் ஒன்று இருக்கும். மேல் தாளை ஈரத்துணியால் ஒத்தி, மெதுவாக உரித்தால் நெளிவு வெளியே வரும். ஒரு நெளிவுக்கும் அடுத்ததற்கும் 3 மில்லி சொச்சம். நிஜக் கன்டெய்னரைச் சுருக்கினாலும் ஏறத்தாழ அதேதான். டிவி, பிரிட்ஜ் வரும் பெரிய பெட்டியின் நெளிவு இதற்கு உதவாது, அது இரண்டு மடங்கு அகலம்.

கதவு ஒரு முனையில் மட்டும். பக்கத்தில் எழுதும் எண்ணுக்கு முன்னால் நாலு எழுத்து வரும், நாலாவது எழுத்து பெரும்பாலும் 'யு'. பிறகு ஏழு இலக்கம். உள்ளே எடை வைக்காதீர்கள். வண்டியின் எடையெல்லாம் தளத்துக்கு அடியில் இருக்கட்டும். மேலே கனம் கூடினால் வளைவில் சாய்ந்துவிடும்.

மற்ற சரக்குகள்

ஸ்டீல் காயில் செய்வது சுலபம். கடை பில் மெஷினில் போடும் தாள் ரோலை 20 மில்லி விட்டத்துக்கு இறுக்கிச் சுற்றி, ஓரத்தை ஃபெவிகாலால் இறுக்கி, அலுமினிய நிறம் பூசி, இரண்டு கறுப்பு நூலால் கட்டினால் ஆயிற்று. காயில் மிகக் கனம் என்பதால் வேகன் முழுக்க அடுக்க மாட்டார்கள். இடைவெளி விட்டு நாலைந்து போதும்.

பெட்ரோல் டேங்கருக்குச் சுமையே தெரியாது. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை எண்ணெய் டெர்மினல்கள் இருக்கும் பாதை என்பதால் நாலு டேங்கராவது வேண்டும். 32 மில்லி பி.வி.சி. குழாயை வெட்டினால் பி.டி.பி.என். டேங்கின் பருமன் கிட்டத்தட்ட சரியாக வரும். மேல் மூடியைச் சுற்றி எண்ணெய் வழிந்த கறை மட்டும் மறக்க வேண்டாம்.

மணலி, எண்ணூர் உர மூட்டைகள் மூடிய வேகனில் போவதால் அவற்றை வேகனுக்குள் செய்வது வீண் வேலை. கூட்ஸ் ஷெட் மேடையில் நாற்பது மூட்டையை அடுக்குங்கள், ஒரு வேகனின் கதவைத் திறந்து வையுங்கள், மீதியைப் பார்ப்பவரே புரிந்துகொள்வார். எம்-சீலைக் கயிறாகத் திரித்து 10 மில்லிக்கு ஒன்றாக நறுக்கி லேசாக அமுக்கினால் மூட்டை. அதன் வயிறு கீழே இருக்கும் மூட்டையின் மேல் தொய்ந்து படிய வேண்டும். எம்-சீல் இறுகுவதற்குள் அடுக்கினால்தான் அது வரும்.

நெட்டுக்குப்பத்து மூலை

வேகன்கள் தயாரானதும் அவை எந்த ஊர் வழியாகப் போகின்றன என்று காட்ட வேண்டும். லேஅவுட்டின் ஒரு மூலையை, அரை மீட்டர் இருந்தாலும் போதும், முகத்துவாரத்துக்கு ஒதுக்குங்கள். நெட்டுக்குப்பத்துக்குள் ரயில் கிடையாது. பாதை மேற்கே தள்ளித்தான் போகிறது. ஆகவே வண்டி பின்னால் ஓடட்டும், முன்னால் ஆறும் படகும் இருக்கட்டும்.

ஆற்றை நீலமாகப் பூசாதீர்கள். அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழாய்களில் கசிந்த சாம்பல் வருடக்கணக்கில் இந்த ஆற்றில் படிந்திருக்கிறது. முன்பு இருந்த ஆழம் இப்போது இல்லை என்று இங்கே மீன்பிடிப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறார்கள். கரையோரம் சாம்பல் கலந்த பழுப்பு, நடுவில் கலங்கிய பச்சை. லேஅவுட் 2023 டிசம்பரில் நடக்கிறது என்றால் படகுகளின் பக்கத்திலும் கரைச்செடிகளிலும் கறுப்பாக எண்ணெய்க் கோடு ஒன்று இருக்க வேண்டும். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகம் வரை பரவிய எண்ணெய் அது. இதையெல்லாம் எதற்கு மாடலில் காட்ட வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். கரி வேகனை இவ்வளவு நுணுக்கமாகச் செய்துவிட்டு, அந்தக் கரி எரிந்த சாம்பல் போய்ச் சேர்ந்த ஆற்றைப் பளிங்குபோலக் காட்டுவது பொய்.

ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவுகிறவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். யார் எந்த நாளில் எந்த இடத்தில் பிடிப்பது என்பதை முறைவைத்துப் பங்கிடும் பாடு முறையும் இருக்கிறது. அப்படி இரண்டு மூன்று உருவங்களை மார்புக்கு மேல் மட்டும் செய்து தண்ணீரில் பதியுங்கள். கரையில் ஃபைபர் படகு இரண்டு, காயப்போட்ட வலை ஒன்று. கொசுவலைத் துணியின் ஒரு துண்டைப் பச்சைச் சாயத்தில் நனைத்துக் கசக்கிப் போட்டால் வலை.

ஓட்டும் முறை

நிஜத்தில் ஒரு பாக்ஸ்-என் ரேக்கில் 58 வேகன் போல இருக்கும். ஹெச்.ஓ.விலும் அது 7 மீட்டர் நீளம். யார் வீட்டிலும் அதற்கு இடம் இல்லை. பன்னிரண்டு வேகன், ஒரு எஞ்சின், கடைசியில் கார்டு வேன் என்று வைத்தால் 1.9 மீட்டருக்குள் அடங்கும். உங்கள் சைடிங் அந்த நீளத்துக்கு இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள், பிறகு வேகன் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். வேகன்களுக்கு நக்கிள் கப்ளிங்கே போடுங்கள். நம் கூட்ஸ் வண்டிகளின் சென்டர் பஃபர் கப்ளரும் அந்தக் கை கோக்கும் ரகம்தான்.

காலி ரேக் தண்டையார்பேட்டைப் பக்கத்திலிருந்து வருகிறது. மின்சார ரயில் போகும் வரை சிக்னலில் நிற்கிறது. இந்தப் பக்கத்தில் ரயில்வே கேட்டில் நின்று பழகியவர்களுக்கு அந்தக் காத்திருப்பு நன்றாகத் தெரியும், அதைக் குறைக்காதீர்கள். அத்திப்பட்டுப் பக்கம் பிரிந்து துறைமுகப் பாதையில் நுழைகிறது. காந்தக் குச்சியை எடுத்து, ஒவ்வொரு கட்டியாக வைத்துச் சின்னதாகத் திருப்பி இழுத்தால் காந்தம் விட்டுவிடும். பன்னிரண்டும் ஏறியதும் எஞ்சினையும் கார்டு வேனையும் இடம் மாற்றி, வண்டியைத் தெற்கே அனுப்புங்கள். மேசையின் மறைவான பக்கத்தில் அது மேட்டூர் போய்ச் சேர்ந்ததாக வைத்துக்கொண்டு கட்டிகளை எடுத்துவிட்டால், காலி ரேக் மறுபடி தயார். ஒரு முழுச் சுற்றுக்கு எனக்கு நாற்பது நிமிடம் ஆகிறது.

செய்யத் தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் ஸ்டேஷனுக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். நோட்டும் பென்சிலும் கொண்டு போங்கள். எந்தத் திசையில் நிறைந்த வண்டி, எந்தத் திசையில் காலி, கரி எந்த உயரம், கன்டெய்னர் என்ன நிறம் என்று குறித்துக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்குள் போகவோ அங்கே படம் எடுக்கவோ முயல வேண்டாம். தண்டவாளத்தில் இறங்கவும் வேண்டாம், சிந்திய கரியைப் பொறுக்கவும் வேண்டாம். ரயில்வே எல்லைக்குள் அத்துமீறி நுழைவது 1989-ஆம் வருட ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவில் குற்றம். அதோடு, நின்றிருக்கும் கூட்ஸ் வண்டி எந்த நிமிடமும் நகரும். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு பெஞ்சில் இருந்தபடியே பாருங்கள், அங்கிருந்தே எல்லாம் தெரியும்.